செவந்தி நினைவுப் பதக்கம்

புதுக்கோட்டை,
6-1-1964

செவந்திக்கு, சொர்ணவல்லி எழுதுவது.

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்க்கிறாய். கிழித்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு. என் வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். நேரில் வந்திருக்கலாம். உன் அம்மா என் முகத்துக்கு நேரே சாத்திய கதவை நினைத்தால் கால் வரவில்லை. அம்மா இப்போது இல்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கும் நான் வரவில்லை.

விஷயம் இதுதான். நாம் ஆடிய அகில இந்திய மகளிர் கூடைப்பந்து லீக், இந்த வருட இறுதி ஆட்டத்தைத் திருச்சியில் வைத்திருக்கிறது. அதற்காக ஒரு மலர் போடுகிறார்கள். லீக் தொடங்கிய 1948 முதல் சென்ற வருடம் வரை யார் யார் சாம்பியன், எப்படி ஜெயித்தார்கள், எந்தப் பத்துப் பேர் ஆடினார்கள் என்று ஒரு வரலாறு வேண்டுமாம். ஆட்டமும் தெரியும், எழுதவும் வரும் என்று அதை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பள்ளிக்கூட வேலை முடிந்து சாயங்காலங்களில் எழுதுகிறேன். முதல் வருடம் பம்பாய். உயரத்தால் ஜெயித்தவர்கள், வளையத்துக்குக் கீழே நின்று பறிப்பது போலப் பந்தை எடுத்தார்கள். அடுத்த இரண்டு வருடம் கல்கத்தா. அவர்கள் பந்தைத் தரையில் தட்டி யாரும் பார்த்ததில்லை. கையிலிருந்து கைக்கு அது போய்க்கொண்டே இருக்கும். 1951இல் நாக்பூர். முரட்டுத்தனம் என்பார்கள், நான் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறேன். 1953 முதல் மைசூர், மறுபடி கல்கத்தா, மறுபடி மைசூர் என்று போன வருடம் வரை வந்துவிட்டேன். நடுவில் ஒரு பக்கம் எழுதாமல் கிடக்கிறது. 1952. புதுக்கோட்டை.

லீக்கின் பதிவில் நம் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஏழாம் எண், ம. செவந்தி. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி: 'இறுதி ஆட்டம் முடிந்தபின் நாக்பூரில் அம்மை கண்டு இறந்தார்.' வருடந்தோறும் அதிகக் கூடை போடும் பெண்ணுக்கு உன் பெயரில் நினைவுப் பதக்கம் கொடுப்பதும், அதற்கு முன் எல்லா அணியும் ஒரு நிமிடம் தலைகுனிந்து நிற்பதும் உனக்குத் தெரியாததல்ல. இந்த வருடம் செவந்தியின் குடும்பத்தாரை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்த வேண்டும் என்கிறார்கள்.

குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று எழுதிவிடுகிறேன். நீ எதுவும் செய்ய வேண்டாம். யாராவது தேடிக்கொண்டு வந்தால், அது வேறு செவந்தி என்று சொல்லிவிடு. அவ்வளவுதான் நான் கேட்பது.

சொர்ணவல்லி


வல்லத்திராக்கோட்டை,
12-1-1964

அக்காவுக்கு,

நலமா என்று நீங்கள் கேட்கவில்லை. செத்தவளிடம் யாரும் கேட்பதில்லை, சரிதான்.

'வேறு செவந்தி' என்று சொல்ல எனக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வருகைப் பதிவேட்டில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "பதக்கம் குடுக்குறாங்களே ஒரு செவந்தி, அந்தப் பொண்ணும் இந்த ஊருதானாமே?" என்றார். "ஆமாங்க, அது வேற" என்றேன். பிள்ளைகளுக்கு அவளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் நின்றோம். எனக்காக நானும் நின்றேன். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். நானே சிரித்திருக்கிறேன்.

ஆனால் இந்த முறை சொல்ல மாட்டேன்.

நாக்பூரில் ஏழாம் எண் பனியன் போட்டு ஆடியவள் இருளாயி. செத்தவள் இருளாயி. நான் இங்கே வேப்பிலையில் கிடந்தேன். பெயர்ப் பட்டியல் அனுப்பி முடித்தபிறகு எனக்கு அம்மை போட்டதால், பத்துப் பேரில் இடம் கிடைக்காத பதினோராவது ஆளை, அணித் தலைவியாகிய நீங்கள் என் பெயரில் கூட்டிப் போனீர்கள். அவள் என் பெயரில் ஆடி, என் பெயரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, என் பெயரில் எரிந்தாள். நீங்கள் எழுதும் வரலாற்றில் அவள் பெயர் வரவேண்டும். நான் கேட்பதும் அவ்வளவுதான்.

ஏன் இத்தனை வருடம் கழித்து என்று நினைப்பீர்கள். சொல்கிறேன். போன மாதம் திருவாதிரைக்கு ஆவுடையார்கோவில் போயிருந்தேன். அங்கே பிரகாரத்தில் தூணோடு சாய்ந்து முத்துமாரியம்மாள் உட்கார்ந்திருந்தார். இருளாயியின் ஆத்தா. பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. வாத்தியார் ட்ரெயினிங்கில் இருளாயியோடு படித்தவள் என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

"ட்ரெயினிங்கா? அப்ப பந்தாடுன புள்ளைகளத் தெரியுமா ஒனக்கு?" என்றார்.

"தெரியும் ஆத்தா."

"அதுக எல்லாம் நல்லாருக்குகளா?"

"இருக்காங்க."

"இருக்கட்டும். இவளத்தான் பத்துப் பேர்ல சேக்கல. பானை தூக்கவாச்சும் வாரேன்னு போனா. ரயில்ல குடிக்கத் தண்ணி, அதுக துணி தொவைக்க... போன எடத்துல காய்ச்ச வந்து போயிட்டா. ஆடுன புள்ளைக ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல, பாத்தியா."

"பானை தூக்கப் போனான்னு யாரு ஆத்தா சொன்னது?"

"அந்தப் பெரிய டீச்சருதான். பாவம், வந்து அழுதுட்டுப் போனாக."

அக்கா, இருளாயியின் ஆத்தாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டதாக, நாக்பூரிலிருந்து திரும்பியபின் என்னிடம் சொன்னீர்களே. அதை நம்பித்தான் நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோவிலில் சாமிக்கு உருவம் கிடையாது. வெறும் பீடத்துக்கு முன்னால் சோற்றைக் கொட்டி ஆவியைப் படைக்கிறார்கள். அன்று அதைப் பார்க்க முடியாமல் பாதியிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

செவந்தி


புதுக்கோட்டை,
20-1-1964

செவந்திக்கு,

அந்த அம்மாளிடம் நான் சொன்னது பொய். ஒப்புக்கொள்கிறேன். அது எப்படி வந்தது என்றும் கேட்டுக்கொள். நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன். வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர் சேற்றோடு கரையேறி வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பத்துப் பேர்ல இல்லைன்னுதான எழுதிப் போட்டா? பின்ன எதுக்கு அவளக் கூட்டிக்கிட்டுப் போனீக?" என் வாயில் வந்தது பானை. வந்தபிறகு திரும்ப எடுக்க முடியவில்லை.

நீ கேட்பதன் விலை என்ன என்று யோசித்தாயா? பட்டியலில் இல்லாதவர் ஆடினால் அந்த வெற்றி செல்லாது. லீக் விதியில் தெளிவாக இருக்கிறது. பதினாறு வருட வரலாற்றில் பம்பாயும் கல்கத்தாவும் மைசூரும் இருக்கும் வரிசையில் நம் ஊர் ஒரே ஒரு முறை நிற்கிறது. சமஸ்தானம் போய், சர்க்கார் கச்சேரிகள் போய், திருச்சி ஜில்லாவில் ஒரு மூலையாக ஆகிவிட்டோம் என்று ஊரே துவண்டு கிடந்தபோது வந்த கோப்பை அது. செம்மண் தரையில், வெறுங்காலோடு ஆடிப் பழகிய பெண்கள் கொண்டுவந்தது. ஸ்டேஷனிலிருந்து ராஜ வீதி வழியாக மேளத்தோடு அழைத்து வந்தார்கள். ஒருத்தியை எரித்துவிட்டு வந்தவர்கள் திறந்த காரில் மாலையோடு உட்கார்ந்திருந்தோம். அந்த மேளத்தை நிறுத்தச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. உனக்கு அது தெரியாது. நீ இல்லை.

ஆஸ்பத்திரியில் 'தமக்கை' என்று கையெழுத்துப் போட்டவளும் நான்தான். உன் பெயருக்குத்தான் போட்டேன். நான் இன்று ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை. அதையும் யோசி.

இன்னொன்று. எல்லாவற்றையும் என் மேல் இறக்கிவைக்காதே. பனியனைக் கேட்டது நான். கொடுத்தது நீ. துவைத்து மடித்த துணி என்றுதான் நான் அதைப் பையில் வைத்தேன்.

சொர்ணவல்லி


வல்லத்திராக்கோட்டை,
2-2-1964

அக்காவுக்கு,

துவைத்தது என்று உங்களுக்கு யார் சொன்னது?

எங்கள் வீட்டில் வளர்ந்திருந்தால் தெரிந்திருக்கும். அம்மை இறங்கிய வீட்டில் துணியை வெளுக்கப் போடமாட்டார்கள், வெந்நீரில் போடமாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், அவளுக்குச் சூடு ஆகாது. மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றும்வரை வீட்டிலிருந்து உப்பு, நெருப்பு, துணி, எதுவும் படி தாண்டாது. அன்று அம்மா உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்கு இன்றும் கேட்கிறது.

"தண்ணி ஊத்தாம ஒரு துரும்பு வெளிய போகாதும்மா. ஆத்தா கோவிச்சுக்குவா."

"ஒரு பனியன்தானே அம்மா. செவப்புச் சாயம் போட்டு நம்பர் தச்சது பத்தே பத்துதான் இருக்கு. அது இல்லாட்டி கோர்ட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

"ஒங்களுக்கு வெளையாட்டு. எனக்குப் புள்ள."

நீங்கள் அறந்தாங்கியில் சாயம் போட்டது, தைத்தது, ரயிலுக்கு நேரமானது என்று அம்மாவிடம் பேசிக்கொண்டே இருந்தீர்கள். நான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஜன்னல் வழியாக அதைக் கொடுத்தேன். உங்கள் கையில்தான் கொடுத்தேன். மடித்துத்தான் இருந்தது. என் தலைக்கு அணையாக மடித்து வைத்திருந்தேன். அதற்கு முன் இரண்டு ராத்திரி அதைப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன். ரயில் போகப் போகிறது, நான் போகப் போவதில்லை என்று தெரிந்து போட்டுக்கொண்டது. அம்மா கழற்றச் சொல்லிக் கெஞ்சினார்கள்.

ஜன்னல் விஷயத்தை அம்மா பார்த்தார்களா என்று தெரியாது. சாகும்வரை அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கதவை உங்கள் முகத்தில் சாத்தினார்களே, அது எனக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பவில்லை. அதற்கு நான் யாரையும் குற்றம் சொன்னதில்லை. இந்தத் தழும்பை வைத்துக்கொண்டு நான் மேடை ஏறத் தயார், அக்கா. ஏழாம் எண்காரி நான்தான், நான் ஆடவில்லை, என்று சொல்ல. ஊருக்குக் கோப்பை வேண்டும் என்கிறீர்கள். ஊர் அதை மறந்து நாளாயிற்று. என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. தன் மகள் மற்றவர்கள் துணியைத் துவைக்கப் போய்ச் செத்தாள் என்று ஒருத்தர் மட்டும் மறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

நீங்கள் எழுதாவிட்டால் லீக்குக்கு நான் எழுதுவேன். மாசி பிறக்கும்வரை பார்ப்பேன்.

செவந்தி


புதுக்கோட்டை,
11-2-1964

செவந்திக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. பிறகு, இது நான் மட்டும் முடிவு செய்யக் கூடியதல்ல என்று தோன்றி, கைக்கெட்டிய நம்மவர்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்தேன். நாலு பேர் வந்தார்கள். உன் கடிதங்களைப் படித்துக் காட்டினேன்.

ராசாத்தி உன் நினைவில் இருப்பாள். தடுப்பில் நின்றால் ஆனை போல நிற்பாள். இப்போது மூன்று பிள்ளைகள். அவள்தான் முதலில் வெடித்தாள்.

"செத்தவளுக்கு எதுக்குக்கா கப்பு? இருக்கிறவுகளுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. எம்மாமியா வீட்டுல என்னைய மனுசின்னு மதிக்கிறதே அந்தப் போட்டோவ வச்சுத்தான். அதையும் கழட்டச் சொல்றீங்களா?"

பிச்சையம்மாள், "செவந்திக்கு மூஞ்சி போச்சு. அதான் எல்லாருக்கும் போகணும்கிறா" என்றாள். சொன்ன வேகத்தில் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். உனக்கு மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

பிறகு பேச்சு எப்படியோ இருளாயிக்குத் திரும்பியது. பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை, செவந்தி. அன்று பேசினோம். முதல் ஆட்டத்துக்குப் பனியனைத் தலைவழி மாட்டியபோது அவள் முகர்ந்து பார்த்து, "யக்கா, வேப்பலை வாசம் அடிக்குது. மாரியாத்தாளும் நம்ம டீமுதான் போல" என்றாள். எல்லோரும் சிரித்தோம். இப்போது அதைச் சொன்னவள் ராசாத்திதான். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து, இறுதி ஆட்டத்துக்கு முன் வட்டமாக நின்று கை கோத்தபோது இருளாயியின் கை சுட்டது. எனக்குத் தெரிந்தது. வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாத்திரை கொடுத்து இறக்கினேன். அவளை உட்கார வைத்தால் நாக்பூர்க்காரிகளைத் தாண்ட முடியாது. இடைவேளையில் அவள் பேசவே இல்லை. கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து ஓரக்கோட்டில் அவளிடம் வந்தது. மார்பிலிருந்து இரண்டு கையாலும் எறிவாளே, அந்த எறி. வளையத்தில் பட்டு, சுற்றி, உள்ளே விழுந்தது. எல்லோரும் அவளைத் தூக்கப் போனோம். அவள் எங்களுக்கு முன்பே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சாயங்காலமே நெற்றியில் முத்து தெரிந்தது. தொற்றுநோய் வார்டுக்குள் என்னை மட்டும் ஒருமுறை விட்டார்கள். அதற்குமேல் இந்தக் கடிதத்தில் எழுத முடியவில்லை.

ஞாயிறு ராசாத்தி போகும்போது வாசலில் நின்று, "எழுதிருங்கக்கா. போட்டோவ நானே கழட்டிக்கிறேன்" என்றாள். பிச்சையம்மாள் அவளுக்கு முன்பே கிளம்பிவிட்டாள். வராதவர்களின் சார்பில் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் எழுதிவிட்டேன். இன்று பதிவுத் தபாலில் அனுப்பியது இது:

'1952: புதுக்கோட்டை. இந்த அணியில் ஏழாம் எண்ணில் ஆடியவர் ம. செவந்தி அல்ல. ஆவுடையார்கோவிலை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த முத்துமாரியம்மாளின் மகள் இருளாயி. தொடர் முழுவதிலும் அதிகக் கூடை போட்டவர் அவர். காய்ச்சலோடு ஆடி இறுதி ஆட்டத்தின் வெற்றிக் கூடையைப் போட்டவரும் அவரே. நாக்பூரில் இறந்தவரும் அவரே. செவந்தி உயிரோடு இருக்கிறார். பெயரை மாற்றி ஆடவைத்தவர் அணித் தலைவியாகிய சொர்ணவல்லி. மற்ற ஆட்டக்காரர்களுக்கு இதில் பொறுப்பில்லை.'

சொர்ணவல்லி


வல்லத்திராக்கோட்டை,
16-2-1964

அக்காவுக்கு,

படித்தேன். பிச்சையம்மாள் சொன்னதில் பொய்யில்லை. அப்படியும் ஒரு நினைப்பு எனக்கு இருந்திருக்கலாம். அவளிடம் சொல்லுங்கள், கோபமில்லை.

முத்துமாரியம்மாளிடம் இன்னும் போகவில்லை. வெறும் வாயால் சொன்னால், ஒரு டீச்சர் பானை என்றாள், இன்னொரு டீச்சர் பந்து என்கிறாள் என்று ஆகும். மலர் அச்சாகி வரட்டும். அதைக் கையில் வைத்துப் படித்துக் காட்டுகிறேன். சால்வையை அவருக்குப் போர்த்தச் சொல்லிக் கேளுங்கள். திருச்சிக்கு நானே அழைத்து வருகிறேன்.

செவந்தி


புதுக்கோட்டை,
19-4-1964

செவந்திக்கு,

மலரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தோராம் பக்கம். திறப்பதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன்.

லீக் குழு கூடி, விதிப்படி நம் வெற்றியை ரத்து செய்துவிட்டது. 1952க்கும் நாக்பூரே சாம்பியன். நான் அனுப்பிய பத்தியை எடுத்துவிட்டு நாக்பூர் அணியின் பத்துப் பெயர்களைப் போட்டிருக்கிறார்கள். மற்ற வருடங்களைப் பற்றி நான் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது, என் பெயர் மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:

'புதுக்கோட்டை அணி, பட்டியலில் இல்லாத இருளாயி என்பவரை வேறொருவர் பெயரில் ஆடவைத்தது தெரியவந்ததால் அதன் வெற்றி ரத்து செய்யப்பட்டது.'

புதுக்கோட்டையிலிருந்து அந்த மலரில் அச்சான ஒரே பெயர் அவளுடையது. குற்றத்தின் பெயராக.

சால்வைக்குக் கேட்டேன். பதில் வரவில்லை. அதனால்தான் உங்கள் இருவரையும் வரவேண்டாம் என்று தந்தி அடித்தேன். இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். மைசூர் ஜெயித்தது. கோப்பையை மேசைமேல் வைத்திருந்தார்கள். அதன் மரப்பீடத்தைச் சுற்றி வருடத்துக்கொரு வெள்ளித் தகடு இருக்குமே, நம் தகட்டைப் பிடுங்கிவிட்டார்கள். புதியது இன்னும் அடிக்கவில்லை. ஆணித் துளைகள் தெரிந்தன. ஒரு நிமிட மௌனம் இல்லை. பதக்கத்துக்கு இப்போது யார் பெயரும் இல்லை. சிறந்த ஆட்டக்காரி பதக்கம் என்று அறிவித்தார்கள். நீ உயிரோடு வந்துவிட்டாய், செவந்தி. அவள் இருந்த இடத்தையும் எடுத்துவிட்டார்கள்.

பள்ளி நிர்வாகத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டு வந்திருக்கிறது. எழுதிக் கொடுப்பேன். வேலை போனால் போகட்டும் என்று பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன், பயமாகத்தான் இருக்கிறது. ராசாத்தி போட்டோவைக் கழற்றிவிட்டாள். சுவரில் வெள்ளைக் கட்டமாகத் தெரிகிறது என்று மாமியார் கேட்டாராம்.

இதை அந்த அம்மாளிடம் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். என்னைக் கேட்டால், வேண்டாம். ஆனால் என்னைக் கேட்டு நடந்ததெல்லாம் எப்படி முடிந்தது என்று உனக்கே தெரியும்.

சொர்ணவல்லி


வல்லத்திராக்கோட்டை,
4-5-1964

அக்காவுக்கு,

போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கண்மாய்க் கரையை ஒட்டிய வீடு. கட்டிலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கை பார்த்துச் செய்கிற வேலை. இந்த முறை என் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு குறிப்பை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். நடுவில் நிறுத்தினால் நானும் ஒரு பானையைச் சொல்லிவிடுவேன் என்று பயந்து படித்தேன்.

"திரும்பப் படி" என்றார். படித்தேன்.

"ஆட வச்சாகளா? எம்புள்ளையவா?"

"ஆமா ஆத்தா. பானை தூக்கல. ஆடுனா. எல்லா ஆட்டமும் ஆடுனா. கடைசியாப் போட்டது அவதான். அதுலதான் செயிச்சாங்க."

"பின்ன, செயிக்கலைன்னுல்ல படிச்ச?"

"அவ ஆடுனதுனால செயிச்சதப் பிடுங்கிட்டாங்க."

புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "இருக்கையிலயும் பத்துப் பேர்ல சேக்கல. செத்தும் சேக்கலையா" என்றார். அழவில்லை. நான்தான் அழுதேன். "நீ எதுக்கு அழுகுற? பன்னெண்டு வருசமா நாந்தான் பானை தூக்குனவளுக்கு ஆத்தாளா இருந்தேன்" என்றார். அதில் கோபம் இருந்தது, அக்கா. மன்னிப்பு எதிர்பார்த்து யாரும் அங்கே போகக் கூடாது.

அந்தத் துணி என்னுடையது என்றேன். அம்மையோடு படுத்திருந்ததையும், ஜன்னலையும் சொன்னேன். வெளியே போ என்று சொல்வார் என்று நினைத்து எழுந்தும்விட்டேன்.

"கிட்ட வா" என்றார்.

போனேன். புளி ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் முகத்தைத் தொட்டார். நெற்றியில் தொடங்கிக் கன்னம், மூக்கு, தாடை என்று ஒவ்வொரு குழியிலும் விரல் நின்று நின்று போனது. என் அம்மாகூட அப்படித் தொட்டதில்லை.

"இது அந்த அம்மைதானா?"

"அதேதான் ஆத்தா."

"அவளுக்கும் இப்படித்தான் போட்டிருந்துச்சா? மூஞ்சியெல்லாமா?"

"நான் பாக்கல ஆத்தா. நான் அங்க இல்ல."

"பாத்தது யாரு?"

"பெரிய டீச்சர்."

கையை எடுக்காமலே சொன்னார்: "அவுகள வரச் சொல்லு. அழுகாம வரச் சொல்லு. ரயில் ஏறுனதுலேருந்து எனக்குச் சொல்லணும். எரிச்ச எடம் வரைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அறந்தாங்கியில் பஸ் மாற வேண்டும். காலை முதல் பஸ்ஸில் வந்து அங்கே நிற்கிறேன்.

செவந்தி